ஒரே பாத்திரம், ஆனா ஒரே நேரம் இல்லை: வார நாளில் ஒரு கோழிச் சாறு

ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஃபைனல் இயர் மக்களே, ஒரு சின்ன வைவா. போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?

பரோட்டா, சிக்கன் ரைஸ், தோசை, மறுபடியும் பரோட்டா, மாசக் கடைசி என்பதால் வெள்ளிக்கிழமை நூடுல்ஸ். பதில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதுல காய் எங்கே இருந்ததுன்னு தேடினா, பரோட்டா சால்னாவில் மிதந்த ரெண்டு வெங்காயத் துண்டும், ரைஸ் மேல தூவின முட்டைக்கோஸும்தான் கிடைக்கும்.

இதை ஒரு அட்வைஸா ஆரம்பிக்கலை. இன்னும் சில மாசத்துல நம்மில் பாதிப் பேர் ஓசூர், சென்னை, பெங்களூருன்னு பெட்டியைக் கட்டப் போறோம். அங்கே மெஸ் கார்டும் கிடையாது, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஓடி வர்ற தூரமும் கிடையாது. முதல் சம்பளத்தில் பெரிய பங்கு சாப்பாட்டு ஆப்புக்குப் போகுமா, இல்ல நம்ம கையிலேயே ஒரு சாப்பாடு இருக்குமா என்பதை இப்போ இந்த ரூம்லயே முடிவு பண்ணிக்கலாம். அதுவும் பசங்களுக்கு இன்னும் முக்கியம். நம்ம வீடுகளில் பெரும்பாலும் பசங்களை அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை. நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிச்சவனுக்கு ஒரு குக்கரை இயக்கத் தெரியலைன்னா, அது படிப்புக்கும் நல்லா இல்லை, வயித்துக்கும் நல்லா இல்லை.

அதனால இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சமையல். கோழியும் காய்கறியும் சேர்ந்து, ஒரே குக்கரில், முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் ஒரு சாறு. சாதத்தோட, இட்லியோட, ரெண்டு சப்பாத்தியோட, இல்லைன்னா சும்மாவே கிண்ணத்தில் ஊத்திக் குடிக்கலாம். இதுல புரிஞ்சுக்க வேண்டிய விதி ஒண்ணுதான்: எல்லாம் ஒரே பாத்திரத்தில் போகும், ஆனா எல்லாம் ஒரே நேரத்தில் போகாது. இந்த ஒரு வரி புரிஞ்சிட்டா அளவு, மசாலா எல்லாம் உங்க இஷ்டம்.

இது நமக்குப் புதுசு இல்லை

'ஒன் பாட் மீல்' என்று யூடியூபில் பார்த்தால் ஏதோ வெளிநாட்டு விஷயம் மாதிரி தெரியும். ஆனா கொங்குப் பக்கத்து வீடுகளில் அசதியான ராத்திரிகளுக்கு என்று ஒரு சாப்பாடு காலங்காலமா இருக்கு: அரிசிம்பருப்புச் சாதம். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள். தாளிச்சு, தண்ணி ஊத்தி, மூடி வெச்சா வேலை முடிஞ்சது. நாம செய்யப் போறதும் அதே குடும்பம்தான், சாதத்துக்குப் பதிலா கோழியும் காயும்.

கோழிக்கும் ஒரு உள்ளூர் பாடம் இருக்கு. ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். அந்த ஊர் பேரில் இருக்கும் பள்ளிபாளையம் சிக்கனை எல்லாரும் சாப்பிட்டிருப்பீங்க. அதில் மசாலாப் பொடி மூட்டை எதுவும் கிடையாது. நிறைய சின்ன வெங்காயம், விதை தட்டின காய்ந்த மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு, எண்ணெய். அவ்வளவுதான். ருசி எங்கிருந்து வருது? வெங்காயமும் மிளகாயும் கோழியும் எண்ணெயில் நல்லா வதங்கி நிறம் மாறுவதிலிருந்து வருது. ரூம்ல பதினாலு டப்பா மசாலா வெச்சுக்க முடியாத நமக்கு இதைவிட நல்ல அடிப்படை கிடையாது. அதனால நம்ம சாறும் அதே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

கோழி: எதை வாங்குறோம்?

நாமக்கல் என்றாலே கோழி என்று நினைப்போம். சரியாச் சொன்னா நாமக்கல் முட்டைக்குத்தான் பேர் போனது. பண்ணைகளில் இருப்பது பெரும்பாலும் முட்டையிடும் லேயர் கோழி. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் முட்டை விலைதான் தினமும் பேப்பரில் வருவது. நாம கடையில் வாங்கும் கறிக்கோழி, அதாவது பிராய்லர், வேற இனம். தமிழ்நாட்டில் அதோட மையம் திருப்பூர் மாவட்டத்துப் பல்லடம். பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கும் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழுவும் அங்கேதான் இருக்கு.

இந்த வித்தியாசம் எதுக்குத் தெரியணும்னா, வேகும் நேரம் கோழியோட வயசைப் பொறுத்தது. பிராய்லர் ஆறு வாரத்துக்குள்ளேயே ரெண்டு கிலோ வந்து கடைக்கு வந்துடும். நாட்டுக்கோழி பல மாசம் ஓடியாடி வளரும். முட்டை குறைந்ததும் பண்ணையிலிருந்து கழிக்கும் லேயர் கோழிக்கு ஏறக்குறைய ஒன்றரை வயசு இருக்கும். வயசு ஏற ஏற, தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைஞ்சுக்கும். அந்தக் கொலாஜன் ஈரச் சூட்டில் மெதுவா கரைஞ்சு ஜெலட்டினா மாறினால்தான் கறி மெத்துன்னு இருக்கும், சாறும் கொழகொழன்னு கனமா வரும். பிராய்லரில் அந்த இறுக்கம் வர நேரமே இல்லை. அதனால சீக்கிரம் வேகுது.

'சீக்கிரம் வளருதே, ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே?' இந்தக் கேள்வி எல்லா ரூமிலும் வரும், அதனால இங்கேயே பார்த்துடலாம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தா கோழியோட குடல் அதைச் சாதாரணப் புரதமா நினைச்சு செரிச்சிடும். ஊசியா போடணும்னா, ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொண்ணா பிடிச்சுத் திரும்பத் திரும்பப் போடணும். எந்தப் பண்ணைக்கும் அது கட்டுப்படியாகாது. நிஜக் காரணம் இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்து இனக் கோழிகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தாங்க. 2014-ல் வெளியான அந்த ஆய்வில், 56 நாளில் அவற்றின் சராசரி எடை வரிசையாக 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒண்ணுதான், மாறினது பரம்பரை.

கவலைப்பட வேண்டிய விஷயம் ஹார்மோன் இல்லை, ஆன்டிபயாடிக். கோழிக்குத் தேவையில்லாமல் கொடுக்கும் மருந்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகலாம். அதனால்தான் மனுஷங்களுக்குக் கடைசிக் கட்ட மருந்தாக வெச்சிருக்கும் கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. நம்ம அளவில் செய்யக்கூடியது, பச்சைக் கறியைக் கவனமா கையாளுவதும் முழுசா வேக வைப்பதும்தான். அதுக்குப் பிறகு வர்றேன்.

வாங்கும்போது ஒரு டிப்ஸ். ஞாயித்துக்கிழமை கறிக்கடையில் க்யூ நிக்கும், கடைக்காரர் நம்ம பேச்சைக் கேக்குற நிலைமையில் இருக்க மாட்டார். செவ்வாய், வெள்ளி, சனியில் பல வீடுகளில் கவுச்சி கிடையாது. திங்கள், புதன், வியாழன் சாயங்காலம் போங்க. "அண்ணா, லெக்கும் தொடையுமா நானூறு கிராம், தோல் இல்லாம, குழம்புக்கு வெட்டிக் கொடுங்க" என்று நிதானமா கேக்கலாம். கடையிலேயே வெட்டி வாங்கிட்டா, ரூம்ல பச்சைக் கறி கத்தியையும் பலகையையும் தொட வேண்டியதே இல்லை.

ஏன் லெக், தொடை? நெஞ்சுக்கறியில் கொலாஜனும் கொழுப்பும் குறைவு. கொஞ்சம் நேரம் கூடினா ஈரம் முழுக்க வெளியேறி நார் நாரா ஆகிடும். தொடையும் காலும் நாம ரெண்டு நிமிஷம் அசந்தாலும் மன்னிக்கும். எலும்பு சாறுக்குக் கனமும் கொடுக்கும்.

குக்கர்: விசில் ஒரு யூனிட் இல்லை

"எத்தனை விசில்?" நம்ம ஊர் சமையல் குறிப்புகளிலேயே ரொம்பத் தப்பான அளவு இதுதான். ஏன்னு பார்ப்போம்.

தண்ணி கொதிக்கும் சூடு அதுக்கு மேல இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. சேலத்தில் ஏறக்குறைய 99 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி ஏற்காடு போனா, உயரம் சுமார் 1,500 மீட்டர், காற்றழுத்தம் குறைவு, தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதனால திறந்த பாத்திரத்தில் வெச்சா மலையில் சாதம் வேக நேரமாகும். குக்கர் இதுக்கு நேர் எதிர் வேலை செய்யுது. வெயிட் தூக்கும் வரை ஆவியை உள்ளேயே பிடிச்சு வெச்சு, வெளியே இருப்பதைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒரு கிலோ அழுத்தத்தைக் கூட்டுது. உள்ளே தண்ணி 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். பத்து டிகிரி கூடினா வேதிவினை வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும் என்று பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படிச்சோமே, அந்தக் கணக்குப்படி இருபது டிகிரிக்கு நாலு மடங்கு. அரை மணி நேர வேலை ஏழெட்டு நிமிஷத்தில் முடிவது இதனால்தான்.

இந்த யோசனை 1679-லயே டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரருக்கு வந்தது. லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் செஞ்சு காட்டின பாத்திரத்தோட நோக்கமே எலும்பைக் கூட மெத்துன்னு வேக வைப்பதுதான். வெடிக்காம இருக்க அதில் அவர் வெச்ச பாதுகாப்பு வால்வு பின்னாடி கொதிகலன் வரை போய்ச் சேர்ந்தது. மெக்கானிக்கல் மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

இப்போ விசிலுக்கு வருவோம். விசில் என்பது அளவுக்கு மேல போன ஆவி வெளியேறும் சத்தம். அது வந்துட்டா உள்ளே சூடு உச்சத்தில் இருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல தீயைக் கூட்டி வெச்சா சூடு ஏறாது, ஆவிதான் வீணாப் போகும், தண்ணி வத்தும், அடி பிடிக்கும். பெரிய தீயில் அஞ்சு நிமிஷத்தில் நாலு விசில் வரும். சிம்மில் அதே அஞ்சு நிமிஷத்தில் ஒண்ணு வரலாம், வராமலும் போகலாம். ரெண்டிலும் கறி வெந்த அளவு ஒண்ணுதான். அதனால விசிலை எண்ணாதீங்க. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வெச்சு, மொபைலில் டைமர் போடுங்க.

பிராய்லர் லெக், தொடைக்கு 5 நிமிஷம். நாட்டுக்கோழிக்கு 15 முதல் 20 நிமிஷம். கழிச்ச லேயர் கோழின்னா 25 நிமிஷம். நேரம் முடிஞ்சதும் அடுப்பை அணைச்சு, பிரஷர் தானா இறங்க விடுங்க. வெயிட்டை ஸ்பூனால் தூக்கி உடனே ஆவியை விட்டா, உள்ளே இருக்கும் சாறு திடீர்னு பொங்கி வால்வு வழியா வெளியே அடிக்கும்.

காய்: எப்போ, எவ்வளவு பெரிசா?

இங்கேதான் நம்ம ஒரு வரி விதி வேலைக்கு வருது. கோழியோட சேர்த்து பீன்ஸையும் சுரைக்காயையும் 120 டிகிரியில் அஞ்சு நிமிஷம், அதுக்கப்புறம் பிரஷர் இறங்கும் வரை எட்டு நிமிஷம் வெச்சா என்ன ஆகும்? மூடியைத் திறந்தா காயே இருக்காது, கூழ்தான் இருக்கும். காய்கறியின் செல்களை ஒட்டி வைக்கும் பசை பெக்டின். 85 டிகிரிக்கு மேல அது கரைய ஆரம்பிக்கும். 120-ல் சொல்லவே வேண்டாம். கறிக்கு வேண்டிய சூடும் காய்க்கு வேண்டிய சூடும் வேற வேற என்பதால், கறி வெந்த பிறகு மூடியைத் திறந்து, சாதாரணக் கொதியில் காயைப் போடுறோம். வேலை கூடுமான்னு பயப்படாதீங்க. கறி வெந்து பிரஷர் இறங்கும் அந்தப் பதிமூணு நிமிஷம்தான் காய் நறுக்கும் நேரம். பேரலல் பிராசஸிங்.

துண்டோட அளவையும் வெச்சு நேரத்தைச் சமன் பண்ணலாம். கடினமான காயைச் சின்னதா, மெதுவான காயைப் பெரிசா நறுக்குங்க. கேரட் அரை விரல் தடிமன், சுரைக்காய் ரெண்டு விரல் தடிமன்னு இருந்தா, ரெண்டும் ஒண்ணா வேகும்.

அப்புறம், "காய் வெந்த பிறகுதான் புளியைக் கரைச்சு ஊத்தணும்" என்று வீட்டில் சொல்வாங்களே, அதுக்கும் காரணம் பெக்டின்தான். புளிப்பு இருக்கும் தண்ணியில் அது கரைய மறுக்கும், காய் வெடுக்குன்னே நிக்கும். ஒரு தக்காளி பெரிசா பாதிக்காது. புளியோ எலுமிச்சையோ சேர்க்கணும்னா கடைசியில் சேருங்க.

என்ன காய்? உழவர் சந்தைக்குப் போய் அன்னைக்கு எது மலிவோ அதை வாங்குங்க. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் ஆரம்பிச்ச இந்தத் திட்டத்தில் சேலத்திலேயே சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி என்று சந்தைகள் இருக்கு. விவசாயிகளே நேரா விக்குறாங்க, அன்றைய விலை போர்டில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவங்களுக்கும் நஷ்டமில்லை. காலையில் சீக்கிரம் போயிடணும், அவ்வளவுதான். கேரட், பீன்ஸ்தான் வேணும்னு இல்லை. சுரைக்காய், முருங்கைக்காய், அவரை, பூசணி, பிஞ்சுக் கத்தரிக்காய் எல்லாம் இந்தச் சாறுக்கு அருமையா சேரும். பாகற்காயும் வெண்டைக்காயும் மட்டும் வேண்டாம். ஒண்ணு கசக்கும், இன்னொண்ணு வழவழக்கும்.

செய்முறை (ரெண்டு பேருக்கு, 3 லிட்டர் குக்கர்)

வேண்டியவை: கோழி 400 கிராம், காய்கள் எல்லாம் சேர்த்து 450 கிராம், முருங்கைக்கீரை ரெண்டு கைப்பிடி, பாசிப்பருப்பு 30 கிராம் (ரெண்டு டேபிள்ஸ்பூன்), சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு துண்டு, காய்ந்த மிளகாய் 4, தக்காளி 1, கறிவேப்பிலை, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், மிளகும் சீரகமும் தட்டினது 1 டீஸ்பூன் (கொல்லிமலை மிளகு கிடைச்சா விடாதீங்க), கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், உப்பு தட்டையா 1 டீஸ்பூன், தண்ணி அரை லிட்டர்.

ஒண்ணு: குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கிள்ளி விதை தட்டின மிளகாய், கறிவேப்பிலை, தோலுரிச்ச சின்ன வெங்காயம். ஓரம் பொன்னிறமாகும் வரை நாலஞ்சு நிமிஷம் வதக்குங்க. இதை அவசரப்படுத்தாதீங்க. தண்ணி இருக்கும் வரை பாத்திரத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறமும் வாசனையும் உண்டாக்கும் மெயிலார்ட் வினை வேகம் எடுக்க 140 டிகிரி அளவு வேணும். தண்ணி ஊத்தின பிறகு அந்த வாய்ப்பு திரும்ப வராது.

ரெண்டு: தட்டின இஞ்சி பூண்டு, மஞ்சள், கோழி, உப்பு. பெரிய தீயில் அஞ்சு நிமிஷம். அடிக்கடி கிளறாம, ஒரு பக்கம் நிறம் மாறினதும் புரட்டுங்க.

மூணு: நறுக்கின தக்காளி, மல்லித்தூள், கழுவின பாசிப்பருப்பு, தண்ணி. அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டி விடுங்க, ருசி அங்கேதான் ஒட்டியிருக்கு. பாத்திரம் பாதிக்கு மேல நிரம்பக் கூடாது, பருப்பு நுரைச்சு வால்வை அடைக்கும். மூடுங்க. முதல் விசில், சிம், 5 நிமிஷம், அணைங்க.

நாலு: பிரஷர் இறங்குவதற்குள் காய்களை நறுக்குங்க. திறந்து, காயைப் போட்டு, மூடியை லாக் பண்ணாம சும்மா மேல வெச்சு, 8 முதல் 10 நிமிஷம் கொதிக்க விடுங்க. கேரட்டில் ஸ்பூன் இறங்கினா சரி.

அஞ்சு: உருவின முருங்கைக்கீரை, தட்டின மிளகு சீரகம். ரெண்டு நிமிஷத்தில் அடுப்பை அணைங்க. தட்டில் ஊத்தின பிறகு எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க. சூட்டில் வைட்டமின் சி அழியும் என்பதால் அடுப்பில் வேண்டாம். கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க அந்த வைட்டமின் சி உதவும்.

பாசிப்பருப்பு எதுக்குன்னு கேட்டா, அது கரைஞ்சு சாறுக்குக் கனம் கொடுக்கும். தேங்காய்ப்பால், முந்திரி அரைக்கும் வேலை மிச்சம்.

கணக்கு சரியா வருதா?

'ஹெல்தி' என்ற வார்த்தையை யாரும் எதுக்கும் ஒட்டலாம், அதனால எண்ணைப் பார்ப்போம். ஐசிஎம்ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்லும் அளவுப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 0.83 கிராம் புரதம் வேணும். 65 கிலோ இருக்கும் ஒருத்தருக்கு 54 கிராம். 55 கிலோன்னா சுமார் 46 கிராம்.

நம்ம குக்கரில், எலும்பு போக கறி 280 கிராம் என்று வெச்சுக்குவோம். நூறு கிராமுக்கு 19 கிராம் புரதம்னா 53 கிராம். பாசிப்பருப்பில் 7. மொத்தம் 60, ஆளுக்கு 30 கிராம். ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல ஒரே ராத்திரியில் வந்தாச்சு. காயும் கீரையும் ஆளுக்கு கால் கிலோ. ஒரு நாளைக்குக் காய், கீரை, பழம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அரைக்கிலோ என்பது அந்த நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் இருக்கும் தட்டு. அதிலும் பாதி. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கணும். நாம போட்டது ரெண்டு பேருக்கு சுமார் 5 கிராம். எண்ணெய் ஆளுக்கு அரை டேபிள்ஸ்பூன். அதையும் பயந்து நிறுத்திடாதீங்க. கேரட், கீரையில் இருக்கும் கரோட்டினை உடம்பு எடுத்துக்கணும்னா கொஞ்சம் கொழுப்பு கூட இருக்கணும். காயில் இருந்து தண்ணியில் கரையும் சத்தும் வீணாகாது, ஏன்னா அந்தத் தண்ணியைத்தான் நாம குடிக்குறோம்.

செலவு? கறி விலை தினமும் மாறும், நான் ஒரு எண் எழுதினா நீங்க படிக்கும்போது தப்பாகிடும். இன்னைக்குக் கறி விலையில் நானூறு கிராம், காய், பருப்பு, எண்ணெய் எல்லாத்தையும் கூட்டி ரெண்டால வகுங்க. அதைக் கடைசியா ஆர்டர் பண்ணின சிக்கன் ரைஸ் பில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. அந்த பில்லில் டெலிவரிக் கட்டணத்தையும் சேர்க்க மறக்காதீங்க.

கவனம்

பச்சைக் கோழியைக் குழாய்த் தண்ணியில் வேகமா அலசாதீங்க. நம்ம வீடுகளில் மஞ்சள் போட்டு நாலு தடவை கழுவுவாங்க, தெரியும். ஆனா கறியில் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் மாதிரி கிருமிகள் இருந்தா, தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் தட்டு, டம்ளர், தக்காளி வரை போகும். கழுவுவதால் கிருமி சாகாது, சூட்டில்தான் சாகும். உள்ளே 74 டிகிரி எட்டினா போதும், குக்கர் அதைத் தாராளமா தாண்டும். ரத்தமோ எலும்புத் தூளோ ஒட்டியிருந்தா, பாத்திரத்தில் தண்ணி வெச்சு மெதுவா முக்கி எடுங்க. கையையும் சிங்கையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்ல மறுநாளைக்குன்னு எடுத்து வைக்காதீங்க. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமா பெருகும். சேலம் மே மாசத்தில் ரூமே 38 டிகிரி இருக்கும், ஒரு மணி நேரம்தான் கெடு. ஃப்ரிட்ஜ் இருந்தா சின்னப் பாத்திரங்களில் பிரிச்சு ஆற வெச்சு உடனே உள்ளே வைங்க, மறுநாள் தளதளன்னு கொதிக்க வெச்சுச் சாப்பிடுங்க.

இண்டக்ஷன் வெச்சிருக்கவங்களுக்கு: அடியில் காந்தம் ஒட்டும் குக்கரா பார்த்து வாங்குங்க. சாதா அலுமினியம் அதுல சூடாகாது. ஹாஸ்டலில் இண்டக்ஷன் கூடாதுன்னு விதி இருந்தா, வேண்டாம். பழைய வயரிங்கில் 2,000 வாட்ஸ் இழுப்பது ஒரு விங்குக்கே ஆபத்து.

கறி இல்லாத நாள்

வெள்ளிக்கிழமையோ, புரட்டாசியோ, பர்ஸ் காலியோ, அதே சாறு, அதே வரிசை, உள்ளே போவது மட்டும் மாறும். கவுச்சி வேண்டாம்னா காலையில் ஊற வெச்ச கொண்டைக்கடலை. முதல் விசிலுக்குப் பிறகு 15 நிமிஷம். கறி வாங்க நேரமில்லைன்னா நாமக்கல் இருக்கவே இருக்கு. வதக்கின வெங்காயம், தக்காளி, பருப்பு, தண்ணியை வேக வெச்சு, காய் போட்டு, கடைசியில் கொதியும்போது நாலு முட்டையை ஒவ்வொண்ணா மெதுவா உடைச்சு ஊத்தி மூடி வைங்க. மஞ்சள் கரு இறுகும் வரை ஆறேழு நிமிஷம். ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம்.

வாரத்தில் அஞ்சு நாளும் செய்யணும்னு இல்லை. ஞாயித்துக்கிழமை படம் பார்த்துக்கிட்டே அரைக்கிலோ சின்ன வெங்காயமும் பூண்டும் உரிச்சு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வெச்சுட்டா, இந்தச் சமையலோட எரிச்சலான பாதி முடிஞ்சது. ரூம்ல நாலு பேர்னா அளவை ரெண்டு மடங்காக்கி, குக்கரையும் பெரிசா எடுத்துக்கங்க. ஒருத்தர் சந்தை, ஒருத்தர் கறிக்கடை, ஒருத்தர் அடுப்பு, ஒருத்தர் பாத்திரம். கழுவ ஒரே ஒரு குக்கர்தான் என்பதால் கடைசி ஆளுக்கும் சண்டை போடக் காரணம் இருக்காது.

வர்ற புதன்கிழமை முயற்சி பண்ணிப் பாருங்க. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகலாம், மூணாவது தடவை இந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டீங்க.